20 வயதுக்குட்பட்டோர் கோப்பையை அடுத்தடுத்து ஜெயித்த வாரியர்ஸ், பெரிய பட்டத்தை ஏன் ஜெயிக்கவில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஆஸ்திரேலியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் தேசிய ரக்பி லீக் போட்டியில் நியூசிலாந்து வாரியர்ஸ் 2010, 2011 என்று அடுத்தடுத்து கோப்பை வாங்கியது. அப்படிப்பட்ட பையன்கள் கையில் இருந்தும் அந்த கிளப்பின் பெரிய அணி இன்றுவரை ஒரு பட்டம்கூட வாங்கவில்லையே, எங்கே தவறியது? அந்தப் போட்டியையே பிறகு ஏன் மூடினார்கள்?"

இரண்டு கேள்விக்கும் 2011 சீசனிலேயே பதில் இருக்கிறது. அந்த சீசனைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை. ரக்பி லீக் வேறு, இலங்கைப் பள்ளிகளில் ஆடுகிற ரக்பி யூனியன் வேறு. லீக்கில் அணிக்கு 13 பேர். பந்தோடு ஓடுகிறவரை எதிரணி பிடித்து நிறுத்துவது டேக்கிள். பந்து கையில் இருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரைதான் வாய்ப்பு. அதற்குள் கோடு தாண்டி பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, 4 புள்ளி. அதைத் தொடர்ந்து உதைக்கிற கோலுக்கு 2. ஆட்டத்தின் ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் தட்டி உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஃபீல்ட் கோல், அந்தக் காலத்தில் அதற்கு 1 புள்ளி. இந்த ஒரு புள்ளிதான் கீழே பலமுறை வரப்போகிறது.

ஆஸ்திரேலியாவில் இந்த ஆட்டம் தொடங்கி நூறாண்டு நிறைந்தது 2008இல். அதே ஆண்டு என்ஆர்எல், அதாவது பெரிய அணிகள் ஆடும் தேசிய ரக்பி லீக், இந்த இளைஞர் போட்டியைத் தொடங்கியது. முதலில் டொயோட்டா கோப்பை என்ற பெயரில் நடந்தது, 2013 முதல் ஹோல்டன் கோப்பை ஆனது. என்ஆர்எல்லில் அப்போது ஆடிய 16 கிளப்புகளும் ஆளுக்கொரு 20 வயதுக்குட்பட்டோர் அணியை இறக்கின. பெரும்பாலும் பெரிய ஆட்டத்துக்கு முன்னால் அதே மைதானத்தில் இவர்கள் ஆட்டம் நடக்கும். தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். வீரர்கள் ஏதாவது படிக்க வேண்டும் அல்லது வேலை பார்க்க வேண்டும் என்று விதியும் இருந்தது. நல்ல எண்ணத்தோடு போட்ட விதி அது.

அதற்கு முன்பு பெரிய ஆட்டத்துக்கு முன்னால் ஆடியது ரிசர்வ் அணிகள். அதில் 19 வயதுப் பையனும் இருப்பான், காயத்திலிருந்து மீண்டு வரும் 30 வயது ஆளும் இருப்பார். 2008க்குப் பிறகு அந்த மேடை பையன்களுக்குப் போனது. பெரியவர்களின் இரண்டாம் கட்ட ஆட்டம் நியூ சவுத் வேல்ஸ் கோப்பை, குயின்ஸ்லாந்து கோப்பை என்ற மாநிலப் போட்டிகளுக்கு ஒதுங்கியது. பிற்பாடு வந்த சிக்கல்களுக்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்தது.

சரி, 2011க்கு வருவோம். அந்த ஆண்டு வாரியர்ஸின் சொந்த ஊரான ஆக்லாந்துக்காரர்களுக்குத் திருவிழா. வாரியர்ஸின் 20 வயதுக்குட்பட்டோர் அணி, நியூ சவுத் வேல்ஸ் கோப்பையில் ஆடிய ஆக்லாந்து வல்கன்ஸ் அணி, என்ஆர்எல் அணி, மூன்றுமே அந்தந்தப் போட்டியின் இறுதிக்குப் போயின. ஒரு கிளப்பின் எல்லா மட்டமும் ஒரே ஆண்டில் இறுதி ஆட்டம் ஆடுவது எளிதில் நடக்கிற காரியமில்லை. அதுவும் கடல் தாண்டிப் பறந்து போய் ஆட வேண்டிய கிளப்.

இளைஞர் அணியின் பயிற்சியாளர் ஜான் ஆக்லண்ட். 2010இல் சவுத் சிட்னியை 42–28 என்று தோற்கடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர். அந்தத் தலைமுறையில் வந்த ஷான் ஜான்சன் என்ற ஹாஃப்பேக் (ஆட்டத்தை வழிநடத்துகிறவர்), 2011 நடுவில் பெரிய அணிக்கு ஏறினார். சில மாதங்களிலேயே மெல்பர்னில் அரையிறுதி. கடைசி நிமிடங்களில் பந்தை வாங்கி, மைதானத்தின் குறுக்கே நெளிந்து நெளிந்து ஓடி, தன்மேல் பாய வந்தவர்களை ஒவ்வொருவராகத் திசைமாற்றி, லூயிஸ் பிரவுனிடம் கொடுத்தார். ட்ரை. 20–12 என்று மெல்பர்ன் ஸ்டார்ம் வெளியேறியது. அந்த ஓட்டத்தை இன்று பார்த்தாலும் ரத்தம் சூடேறும். இளைஞர் போட்டியில் பழகிய துணிச்சல் அது. தப்பாகப் போனால் என்ன ஆகும் என்ற கணக்கே அந்தக் கால்களில் இல்லை.

2011 அக்டோபர் 2, சிட்னி ஒலிம்பிக் பூங்கா. முதலில் இளைஞர் இறுதி, வாரியர்ஸும் நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸும். முழு நேரம் முடியும்போது 30–30. கூடுதல் நேரத்தில் யார் முதலில் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. இதற்கு கோல்டன் பாயின்ட் என்று பெயர். ஒரு ஃபீல்ட் கோல், 31–30, கோப்பை மறுபடி ஆக்லாந்துக்கு. அன்று மாலையே அதே புல்தரையில் பெரிய இறுதி. சிட்னியின் மேன்லி கிளப் 24, வாரியர்ஸ் 10.

ஒரே நாள், ஒரே மைதானம். பையன்கள் ஆட்டத்தில் மொத்தம் 61 புள்ளி, பெரியவர்கள் ஆட்டத்தில் 34. இது அன்றைக்கு மட்டும் நடந்த தற்செயல் இல்லை. இளைஞர் போட்டி நடந்த பத்து ஆண்டுகளின் இறுதி ஆட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 56க்கும் மேல் புள்ளி. அதே பத்து ஆண்டுகளின் என்ஆர்எல் இறுதிகளுக்கு 35. 2012இல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் பையன்கள் கான்பெராவை 46–6 என்று நொறுக்கினார்கள். அன்று நடந்த பெரிய இறுதியில் மெல்பர்ன் 14, கேன்டர்பரி 4, அவ்வளவுதான்.

இந்த இடைவெளிதான் விஷயமே. புள்ளி குவிகிறது என்றால் தடுப்பாட்டம் ஓட்டையாக இருக்கிறது என்று அர்த்தம். ஊர்த்திருவிழா கபடியில் தனி ஆளாகப் பத்துப் பேரைத் தொட்டு வருகிறவர், தேர்ந்த அணிக்கு எதிரே போனால் முதல் பாட்டிலேயே கணுக்கால் பிடிபட்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே கதை. 19 வயதில் உடம்பு முந்தி முற்றிய பையன் மூன்று பேரை இழுத்துக்கொண்டு ட்ரை போடுவான். 27 வயது ஆட்கள் இருவர், ஒருவர் இடுப்பிலும் ஒருவர் நெஞ்சிலும் பிடித்துப் பந்தை மூடிவிட்டால் என்ன செய்வது என்று அவன் கற்றிருக்க மாட்டான். அதை அவனுக்குக் கற்றுக்கொடுக்கும் சூழலே அந்தப் போட்டியில் இல்லை. எல்லாரும் அவன் வயதுதானே.

2011இல் மேன்லியின் ஹாஃப்பேக் யார் என்று பாருங்கள். டேலி செர்ரி-எவன்ஸ், என்ஆர்எல்லில் அவருக்கு அதுதான் முதல் சீசன். அவரும் இளைஞர் போட்டியில் ஆடியவர்தான், 2008இலும் 2009இலும். ஆனால் அங்கிருந்து நேரே மேலே போகவில்லை. 2010 முழுக்க சன்ஷைன் கோஸ்ட் அணிக்காக குயின்ஸ்லாந்து கோப்பையில், வளர்ந்த ஆண்களோடு மோதினார். வாரத்துக்கு வாரம் இடி வாங்கி, எப்போது உதைப்பது, எப்போது பந்தை வைத்துக்கொண்டு காலம் கடத்துவது என்று கற்றுக்கொண்டு வந்த ஆள். முதல் சீசனிலேயே பட்டம். அந்த ஓர் ஆண்டு இடைப்படியை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். வாரியர்ஸிலும் அப்படி ஒரு படி இருந்தது, வல்கன்ஸ் அணி. ஜான்சனே அதில் ஆடியிருக்கிறார். ஆக, படி இல்லாமல் போனதால் மட்டும் வாரியர்ஸ் சறுக்கவில்லை.

பின் எதனால்? என் பார்வையில், பையன்கள் மேலே வரும்போது அவர்களுக்காகக் காத்திருக்க அங்கே ஒரு நிலையான கை இல்லாமல் போனது.

வாரியர்ஸை 2006 முதல் நடத்திய ஐவன் கிளியரி, 2011 இறுதியோடு சிட்னியின் பென்ரித் கிளப்புக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு அடுத்து வந்த பிரையன் மெக்லெனன் 2012 சீசன் முடியும் முன்பே நீக்கப்பட்டார். டோனி ஐரோ தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டார். 2013இல் மேத்யூ எலியட். 2014 தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே அவரும் போய் ஆண்ட்ரூ மெக்ஃபேடன். 2017இல் ஸ்டீபன் கியர்னி. 2011இல் 20 வயதில் இருந்த ஒரு பையன் 26 வயதுக்குள் இத்தனை பேரின் திட்டங்களையும் மனப்பாடம் செய்து மறக்க வேண்டியிருந்தது. ஒருவர் அவனை நடுவரிசையில் போடுவார், அடுத்தவர் ஓரத்துக்குத் தள்ளுவார், மூன்றாமவர் அனுபவமுள்ள ஆளை வெளியிலிருந்து வாங்கிவிடுவார். 2011க்குப் பிறகு வாரியர்ஸ் மறுபடி, இறுதிச் சுற்றுக்குத் தகுதி தரும் முதல் எட்டு இடங்களுக்குள் வந்தது 2018இல்தான்.

இதில் மனம் கசப்பது என்னவென்றால், கீழே அந்தக் குழாய் வற்றவே இல்லை. இளைஞர் அணி 2013இல் மறுபடி இறுதிக்கு வந்து பென்ரித்திடம் 42–30 என்று தோற்றது. 2014இல் பிரிஸ்பேன் பிராங்கோஸை 34–32 என்று தோற்கடித்து மூன்றாவது கோப்பை வாங்கியது. பத்து சீசனில் நான்கு இறுதி, மூன்று பட்டம். வேறு எந்த கிளப்புக்கும் மூன்று கிடையாது. அந்தப் பையன்கள் எங்கே போனார்கள்? 2011 அணியின் கார்லோஸ் துயிமவாவே இங்கிலாந்தின் ஹல் அணிக்குப் போய் 2016, 2017 சேலஞ்ச் கோப்பைகளை வென்ற அணியில் இருந்தார். டோங்காவிலிருந்து ஆக்லாந்துக்குப் பள்ளிப் படிப்புக்கு வந்து, யூனியனிலிருந்து லீக்குக்கு மாறிய கான்ராட் ஹரெல், இளைஞர் அணியில் அமர்க்களப்படுத்தி அடுத்த ஆண்டே பெரிய அணிக்கு வந்தவர். கடைசியில் அவரும் இங்கிலாந்தில்தான் பட்டம் கண்டார், 2022இல் செயின்ட் ஹெலன்ஸோடு. திறமை பொய்யில்லை. அறுவடை மட்டும் வேறு வயலில் நடந்தது.

இனி அன்று ஒரு புள்ளியில் தோற்ற கௌபாய்ஸ் பக்கம் வாருங்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது.

டவுன்ஸ்வில் ஊர் அணி. அந்தத் தலைமுறையில் அவர்களுடைய இளைஞர் அணி வழியாக வந்தவர்கள் ஜேசன் டௌமலோலோ, மைக்கேல் மார்கன், கைல் ஃபெல்ட், ஈத்தன் லோ. டௌமலோலோவுக்கு 17 வயதிலேயே, 2010இல், பெரிய அணியில் ஓர் அறிமுகம் கொடுத்தார்கள். ஆனால் அவசரப்பட்டு முழுப் பாரத்தையும் அவன் தோளில் ஏற்றவில்லை. மார்கனும் 2010இலேயே எட்டிப் பார்த்தவர். பின்னால் கடைசி ஆளாக நின்று ஆடும் ஃபுல்பேக் இடத்தில் பழகி, 2015இல்தான் ஹாஃப்பேக்கோடு சேர்ந்து ஆட்டத்தை நடத்தும் ஃபைவ்-எய்ட் இடத்துக்கு வந்தார். ஃபெல்ட் இன்னும் பொறுமையாக வந்தவர். 2013இல் அறிமுகமாகியும், கெய்ர்ன்ஸ் ஊரின் நார்தர்ன் பிரைடுக்காக மாநிலப் போட்டியில் ஆடிக் காத்திருந்தார். பயிற்சியாளர்கள் அங்கே நீல் ஹென்றி, அவருக்குப் பின் 2014 முதல் பால் கிரீன், அவ்வளவுதான். நடுவில் எப்போதும் ஜொனாத்தன் தர்ஸ்டன் என்ற பெரிய ஆட்டக்காரர். பையன்கள் தடுமாறினாலும் ஆட்டத்தைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் இருந்தார்.

2015 அக்டோபர் 4. அதே சிட்னி மைதானம். பெரிய இறுதியில் கௌபாய்ஸும் பிராங்கோஸும். பிராங்கோஸ் 16–12 என்று முன்னால். நேரம் முடியப் போகிறது, கடைசி டேக்கிள். பந்து தர்ஸ்டனிடமிருந்து வலது பக்கமாக மார்கனிடம் வருகிறது. மார்கன் ஓரமாகப் பாய்ந்து, தன்மேல் விழுந்தவர்களின் பிடிக்குள் போய்க்கொண்டே, பார்க்காமல் மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தைப் பக்கவாட்டில் தட்டிவிடுகிறார். ஃபெல்ட் அதை வாங்கி மூலையில் விழுகிறார். 16–16. தர்ஸ்டன் ஓரக்கோட்டுப் பக்கத்திலிருந்து உதைத்த கோல் கம்பத்தில் பட்டுத் தெறிக்கிறது. மறுபடி கோல்டன் பாயின்ட். இந்த முறை ஃபீல்ட் கோல் தர்ஸ்டனுடையது, 17–16. கௌபாய்ஸின் முதல் பட்டம். பந்தைத் தட்டியவரும் வாங்கியவரும் அந்த இளைஞர் அணியில் ஒன்றாக வளர்ந்தவர்கள். பார்க்காமல் தட்டினாலும் அவன் அங்கே இருப்பான் என்று தெரிவதற்கு அத்தனை ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

டௌமலோலோ அடுத்த ஆண்டு லீக்கின் சிறந்த வீரருக்கான டேலி எம் பதக்கத்தை கூப்பர் கிராங்குடன் பகிர்ந்துகொண்டார். 2017இல் பத்து ஆண்டு ஒப்பந்தம். அதே ஆண்டு உலகக் கோப்பையில் பிறந்த நாடான நியூசிலாந்தை விட்டுப் பெற்றோரின் நாடான டோங்காவுக்கு ஆடினார். டோங்கா நியூசிலாந்தை 28–22 என்று தோற்கடித்தது. ஆக்லாந்தில் பிறந்த பையன், 13 வயதில் டவுன்ஸ்வில்லுக்குப் போனதால் வாரியர்ஸ் கைக்குக் கிடைக்காமல் போனவர்.

2015 இறுதியின் இன்னொரு முகம் பிராங்கோஸின் பென் ஹன்ட். கோல்டன் பாயின்ட் தொடங்க உதைத்த பந்து அவரை நோக்கி வந்தது, கையிலிருந்து நழுவியது. அந்த நழுவலிலிருந்துதான் தர்ஸ்டனுக்கு வாய்ப்பு கிடைத்தது. இந்த ஹன்ட்தான் 2008இல், இளைஞர் போட்டியின் முதல் சீசனிலேயே, சிறந்த வீரர் விருது வாங்கியவர். அந்த ஆண்டு அவருடைய பிராங்கோஸ் இளைஞர் அணியும் இறுதியில் கூடுதல் நேரத்தில்தான் கான்பெராவிடம் 24–28 என்று தோற்றது. மற்றொருவராக இருந்தால் நொறுங்கியிருப்பார். அவர் தொடர்ந்து ஆடினார், வேறு கிளப்புக்குப் போனார், குயின்ஸ்லாந்து மாநில அணிக்கு ஆடினார், பிராங்கோஸுக்கே திரும்பி வந்தார். 2025இல் பிராங்கோஸ் மெல்பர்னை 26–22 என்று வென்று பட்டம் வாங்கியபோது அந்த அணியில் இருந்தார். 18 வயதில் யார் சிறந்தவர் என்று அந்தப் போட்டி சரியாகத்தான் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தபின் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு கிளப்பின் கையில் விட்டுவிட்டது.

அப்புறம், ஏன் மூடினார்கள்? செலவு ஒரு பெரிய காரணம். 16 அணி, ஒவ்வொன்றிலும் பையன்கள், பயிற்சியாளர்கள், உதவியாளர்கள் என்று ஒரு கூட்டமே பெரிய அணியோடு விமானத்தில் போய்வர வேண்டும். அதே பணத்தில் உள்ளூரில் எத்தனையோ பேரை ஆடவைக்கலாம் என்ற குரல் வலுத்தது. முன்பு சொன்ன இடைவெளி இன்னொரு காரணம். 20 வயது முடிந்ததும் நிறையப் பேர் அந்தரத்தில் விடப்பட்டார்கள். பெரிய அணியில் இடம் கிடைப்பது ஒரு சிலருக்கு, மற்றவர்கள் மாநிலப் போட்டியில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொலைக்காட்சியில் பெயர் சொல்லிப் பழகிய பையனுக்கு அது சாதாரண இறக்கம் இல்லை.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் முதல் காரணமாக வைப்பேன். 2013இல் சில மாத இடைவெளியில், இந்தப் போட்டியில் வளர்ந்த 20 வயது இளைஞர்கள் இருவர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ரக்பி லீக் உலகமே அப்போது ஒரு கணம் நின்றது. வீட்டை விட்டு, பலர் நாட்டையே விட்டு வந்தவர்கள் இந்தப் பையன்கள். குடும்பத்தின் எதிர்பார்ப்பு முழுவதும் ஒரு தோள்பட்டையிலும் ஒரு முழங்காலிலும் நிற்கிறது. அந்தத் தோள்பட்டைக்குக் காயம் என்றால் யாரிடம் பேசுவது? பகலில் வேலை, மாலையில் பயிற்சி, வாரக் கடைசியில் விமானம். படிக்க வேண்டும் என்று விதி போட்டால் போதாது, அந்தப் பையனை அறிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதன்பிறகு மனநலத்துக்கும் நலன் பேணும் அதிகாரிகளுக்கும் உண்மையான கவனம் வந்தது. இளம் வயதில் ஊரை விட்டுப் பெயராமல், சொந்த மாநிலத்திலேயே ஆடவைக்கும் அமைப்பு நல்லது என்ற எண்ணமும் அதோடு வலுத்தது.

2017 கடைசி சீசன். இறுதியில் மேன்லி பாரமட்டாவை 20–18 என்று வென்றது. பத்து இறுதிகளிலும் மிகக் குறைந்த மொத்தப் புள்ளி அந்த ஆட்டத்தில்தான். 2018இல் நியூ சவுத் வேல்ஸில் பழைய ஜெர்சி ஃப்ளெக் கோப்பை திரும்ப வந்தது, குயின்ஸ்லாந்தில் தனியாக ஒரு போட்டி.

மூடியது சரியா என்று கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். ஆனால் போட்டியின் மேல் மட்டும் பழி போட முடியாது. அதே போட்டியில் 2013, 2015 என இரண்டு கோப்பை வாங்கிய பென்ரித்தைப் பாருங்கள். பையன்களை வளர்த்து அவர்களைக்கொண்டே பெரிய அணியை நிரப்புவது என்று கிளப்பை நிர்வகித்த ஃபில் கௌல்ட் காலத்தில் முடிவெடுத்து அதிலேயே நின்றார்கள். ஐசாயா யோ, நேதன் கிளியரி எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள். நடுவில் ஐவன் கிளியரியை ஒருமுறை அனுப்பிவிட்டு 2019இல் திரும்பக் கூப்பிட்டார்கள். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு பட்டம். வாரியர்ஸை 2011 இறுதிக்குக் கொண்டுபோன அதே மனிதர்தான் அந்த நான்கிலும் பயிற்சியாளர்.

வாரியர்ஸ் இப்போது அந்தப் பாதையைத்தான் பிடித்திருக்கிறது என்று தோன்றுகிறது. 2023இல் பென்ரித்தில் கிளியரிக்கு உதவியாளராக இருந்த ஆண்ட்ரூ வெப்ஸ்டரைக் கொண்டுவந்தார்கள். முதல் ஆண்டிலேயே அரையிறுதி. 2025இல் அவர்களுடைய இரண்டாம் கட்ட அணி நியூ சவுத் வேல்ஸ் கோப்பையை வென்றது. 2011இல் வல்கன்ஸ் இறுதி வரை வந்து தவறவிட்ட அதே கோப்பை. ஆகவே ஆக்லாந்தில் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் பின்தொடர வேண்டியது அந்த இரண்டாம் கட்ட அணியின் ஆட்களை. அவர்களில் எத்தனை பேர், எத்தனை ஆண்டுகள், ஒரே பயிற்சியாளரின் கீழ் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.